பழைய ஓவியத்துக்குப் பதில் சொல்வது பற்றி மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல். ஆளுக்கொரு பழைய ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பதில் சொல்லும் புதிய படைப்பு ஒன்றைச் செய்து தரும்படி உன்னையும் வேறு சில ஓவியர்களையும் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். "அது இரவல் புகழ் ஆகிவிடாதா அம்மா?" என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியில் என்னால் ஒழுங்காக விடை சொல்ல முடியவில்லை. எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும்.

2000-ஆம் ஆண்டு கோடையில் உன் மாமா வீட்டில் தங்கியிருந்தபோது, லண்டன் நேஷனல் கேலரியில் ‘என்கவுன்டர்ஸ்: நியூ ஆர்ட் ஃப்ரம் ஓல்ட்’ என்ற கண்காட்சியைப் பார்த்தேன். ரிச்சர்ட் மார்ஃபெட் என்பவர் அமைத்தது. வாழும் கலைஞர்கள் 24 பேரை அழைத்து, அந்தக் கூடத்தில் உள்ள ஓவியங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு எதிர்முகமாக ஒரு படைப்பைச் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். லூசியன் ஃபிராய்ட், டேவிட் ஹாக்னி, லூயிஸ் பூர்ஷ்வா, ஆன்செல்ம் கீஃபர், ஜாஸ்பர் ஜான்ஸ் என்று பட்டியல் பெரிது. மாமல்லபுரத்தில் பட்டறை வைத்து நம் சிற்பிகளோடு சேர்ந்து கல் செதுக்கிய ஸ்டீபன் காக்ஸும் அதில் உண்டு. பெண்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம்; அன்றும் எனக்கு அது உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது.

அங்கே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஒரு கழுதை. நேஷனல் கேலரியில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762-ஐ ஒட்டி வரைந்த ‘விசில்ஜாக்கெட்’ என்ற குதிரைப் படம் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத் துணியில், முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பந்தயக் குதிரை. வானம் இல்லை, தரை இல்லை, சேணம் இல்லை, அதன் மீது ஆளும் இல்லை. பின்புலத்தை முழுக்க வெறுமையாக விட்டதனால் அந்த விலங்கு யாருக்கும் சொந்தமில்லாதது போலத் தோன்றும். உண்மையில் அது ராக்கிங்ஹம் பிரபுவின் குதிரை, படத்தை வரையச் சொன்னவரும் அவரே. கனடாவைச் சேர்ந்த ஜெஃப் வால் இதற்குப் பதில் சொல்லும் விதமாக, இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கழுதைகளில் ஒன்றைக் கொட்டிலுக்குள் நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்து, பின்னாலிருந்து விளக்கொளி பாயும் பெட்டியில் பெரிதாக வைத்திருந்தார். ஸ்டப்ஸ் எதையெல்லாம் துடைத்து எடுத்தாரோ அதையெல்லாம் ஜெஃப் வால் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்: சுவர், வைக்கோல், தட்டுமுட்டுச் சாமான்கள், நாளெல்லாம் வேலை செய்து ஓய்ந்த உடம்பு. குதிரையின் வடிவத்தை அவர் எங்கும் படியெடுக்கவில்லை. ஆனாலும் மேல்மாடிக்குப் போய் விசில்ஜாக்கெட்டை மறுபடியும் பார்த்தபோது, அந்த வெறும் பின்புலம் பணம் இருந்தால்தான் கிடைக்கும் வெறுமை என்று எனக்குப் பட்டது. நல்ல பதில் என்றால் இதைத்தான் சொல்வேன். பழைய படத்தில் நாம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றை அது கேட்டுவிடுகிறது.

பாலா ரேகோ செய்தது வேறு வகை. ஹோகார்த் 1743 வாக்கில் வரைந்த ‘மேரேஜ் அ-லா-மோட்’ ஆறு படங்களாக ஓடும் ஒரு கல்யாணக் கதை. பிரபுப் பட்டம் உள்ள வீட்டுப் பையனுக்கும் பணம் உள்ள வீட்டுப் பெண்ணுக்கும் அப்பாக்கள் பேரம் பேசி முடிக்கிறார்கள். கடைசியில் கணவன் கத்திக்குத்தில் சாகிறான், மனைவி நஞ்சருந்துகிறாள். ரேகோ இதைத் தன் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்று, மூன்றே படங்களாக, பாஸ்டல் என்ற வண்ணக் குச்சிகளால் தீட்டினார். பேரம் பேசுபவர்கள் அவர் படத்தில் அம்மாக்கள். நம் ஊரில் பெண் பார்க்கும் படலங்களைக் கண்டு சலித்தவளுக்கு அந்த முதல் படத்தில் விளக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது படத்தில் சொத்தெல்லாம் போன பிறகு மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கணவன் அவள் மடியில் சாய்ந்து கிடக்கிறான். சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மரியாள் மடியில் தாங்கும் அமைப்பு அதில் தெரிகிறது. ஹோகார்த் அந்தப் பெண்ணைக் கொன்று கதையை முடித்தார். ரேகோ அவளைப் பிழைக்க வைத்து, பாரத்தையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார். எது கொடுமை என்று இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

ஹாக்னிக்கு இருந்தது கைத்திறன் பற்றிய சந்தேகம். இந்தக் கண்காட்சிக்கு முந்தைய ஆண்டு அதே கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் வரைந்த உருவப்படங்களைப் பார்த்தவர், இவ்வளவு சிறிய தாளில் இவ்வளவு தீர்மானமான கோடு வெறும் கண்ணளவால் வந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டார். கேமரா லூசிடா என்ற சிறிய பட்டகக் கருவியைக் கொண்டு ஆங்கர் வரைந்திருக்கலாம் என்று ஊகித்து, தானும் அதே கருவியை வைத்துக்கொண்டு, அந்தக் கூடத்தின் காவலர்கள் பன்னிரண்டு பேரைச் சீருடையோடு உட்கார வைத்து வரைந்தார். அவருடைய ஊகத்தை ஏற்காத அறிஞர்கள் பலர். இருக்கட்டும். படங்களைக் காவல் காத்து நின்றவர்களே சுவரில் படமாகிவிட்டார்கள் என்பதை அங்கே பணியில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சுட்டிக் காட்டினார்.

பில் வயோலா, பாஷ் வரைந்த ‘முள்முடி சூட்டப்படும் கிறிஸ்து’ படத்தை எடுத்துக்கொண்டு, கதையை நீக்கிவிட்டு ஐந்து முகங்களை மட்டும் வைத்துக்கொண்டார். ஒரு நிமிட அளவில் ஐந்து நடிகர்கள் காட்டிய உணர்ச்சிகளை அதிவேகப் படச்சுருளில் எடுத்து, கால் மணி நேரத்துக்கு நீட்டித் திரையிட்டார். உனக்குப் பிடித்திருக்கும். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

எல்லாமே தேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வான்கோவின் நாற்காலியில் ஒரு கோடீஸ்வரனை உட்கார வைத்த கிட்டாஜின் படத்தில், கிண்டல் புரிந்த பிறகு நின்று பார்க்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபிராய்ட் அப்படியல்ல. ஷார்தேனின் ‘இளம் ஆசிரியை’ படத்தில், எழுத்தைச் சுட்டிக் காட்டும் பெண்ணையும் குனிந்து பார்க்கும் குழந்தையையும் அவர் வண்ணத்திலும், உலோகத் தகட்டில் கோடு பதித்து அச்செடுக்கும் முறையிலுமாகத் திரும்பத் திரும்பச் செய்தார். புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். சேர்க்கவில்லைதான், ஆனால் ஒரு முகத்தை இன்னொரு முகத்தை நோக்கிச் சாய்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் கை தேடித் தேடிக் கண்டுபிடிப்பது ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது.

ஆகவே உன் கேள்விக்கு என் விடை இது. முதல்நூலுக்குப் பின் வழிநூல் வருவதை நம் இலக்கணத்தார் இழுக்காக நினைக்கவில்லை. வழிநூல் செய்பவன் தனக்கென்று ஒரு வேறுபாடு வைத்திருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். உனக்கு மிகவும் பிடித்த படத்தைத் தேர்ந்தெடுக்காதே. பிடித்த படத்தின் முன்னால் நீ கைகட்டி நின்றுவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியாதா? உன்னைத் தொந்தரவு செய்கிற, அதனோடு உனக்கு வழக்கு இருக்கிற படமாக எடு. கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து ரவிவர்மாவின் லட்சுமியாகத் தானே வேடமிட்டு நின்றது அப்படி ஒரு வழக்கால்தான். பளபளக்கும் அட்டைத் தாமரையும் வரைந்த திரையும் புகைப்படத்தில் அப்பட்டமாகத் தெரியும்படி விட்டிருக்கிறார் அவர். நம் வீட்டுப் பூஜை அறைப் படத்தை அதற்குப் பிறகு நான் பழையபடி பார்க்கவில்லை.

மூலப் படத்தைப் பார்த்திராதவர்களும் உன் படத்தின் முன் நிற்பார்கள். அவர்களுக்கும் அதில் ஏதாவது இருக்க வேண்டும். பக்கத்தில் ஒட்டும் விளக்கச் சீட்டு அந்த வேலையைச் செய்யாது. அச்சுப் பிரதியையோ கைபேசிப் படத்தையோ மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாமல், முடிந்தால் மூலத்தை நேரில் போய்ப் பார். கேட்பாய் என்று தெரியும், ரயில் கட்டணத்தை அப்பா அனுப்பி வைப்பதாகச் சொல்கிறார்.

எந்தப் படம் என்று முடிவானதும் அதன் நீள அகலத்தையும் சேர்த்து எழுது. அளவு தெரியாமல் என்னால் ஒரு படத்தை மனதில் நிறுத்திப் பார்க்க முடியாது.

அன்புடன்,
அம்மா