நான் எதையும் கேக்கல தம்பி

தம்பிக்கு அம்மா எழுதுறது.

நல்லா இருக்கியாப்பா, மருமக நல்லா இருக்கா, குட்டிப்பய சுகமா. போன் போட்டா மீட்டிங்மான்னு வச்சிருற, அதான் அங்கன்வாடி சென்டர்ல புள்ளைங்கள தூங்க வச்சிட்டு உக்காந்து இத டைப் பண்றேன். போஷன் ட்ராக்கர்னு அங்கன்வாடி கணக்கு ஏத்துற ஆப்புல தெனமும் ஏத்தி ஏத்தி உங்கம்மாவுக்கு இப்ப டைப்பிங் நல்லா வருது, தப்பு இருந்தா சிரிக்காத.

இங்க வாடை ஆரம்பிச்சிருச்சு. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திருக்காங்க, கடலுக்குப் போக டோக்கன் குடுக்கல, அப்பா வீட்லதான் இருக்காக. வலைய பிரிச்சுப் போட்டு தச்சுக்கிட்டு இருக்காக, அது ஏற்கனவே தச்ச வலைதான். புது பாலம் தொறந்ததுல இருந்து ரயில் நேரா ராமேஸ்வரம் வருது, மண்டபத்துல எறங்கி பஸ் புடிக்கணும்மான்னு ஒரு சாக்கு வச்சிருந்தியே, அதுவும் போச்சு. சரி விடு.

மருமக போன எடுக்க மாட்டேங்குறா. முன்னெல்லாம் நான் போடுறதுக்கு முன்னாடி அவளே போட்டு, அத்தை இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு, நகரை கிடைச்சா எனக்கு ஆசையா இருக்குன்னு பேசுவா. இப்ப ரெண்டு நீலக்கோடு மட்டும் விழுகுது. நீ அனுப்புன போட்டோ பாத்தேன், குப்புற விழுந்துட்டான்னு போட்டியே அது, அப்பா அத டீக்கடை வரைக்கும் கொண்டுபோய் காட்டிட்டு வந்தாக. அதுல அவ கை மட்டும் ஓரமா தெரியுது. வளையல் இல்ல. புள்ளைய தூக்குறப்ப உரசும்னு கழட்டி வச்சிருப்பா. நான் கேக்கல.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நீ பேசிட்டு போன கட் பண்ணாம வச்சிட்ட. நான் வேணும்னு கேக்கல தம்பி, காதுல விழுந்துச்சு. அவ ஏதோ சொன்னா, அது சரியா விளங்கல, நீ சொன்னது விளங்குச்சு. உனக்கு ஹார்மோன் பிரச்சன, போய் படுன்னு சொன்ன. மறுநாள் நானா சுத்தி வளைச்சு கேட்டப்ப எங்கிட்டயும் அதான் சொன்ன, டெலிவரி ஆன எல்லாருக்கும் வர்றதும்மா, நெட்ல படிச்சேன், தானா சரியாயிரும்னு.

நம்ம தெருவுல மொத மொத இன்ஜினியரிங் போனவன் நீ, படிக்கிற புத்தி உனக்கு சின்னதுலயே உண்டு, எனக்கு அதுல எவ்ளோ பெருமைன்னு உனக்கு தெரியும். அப்படிப்பட்டவன் இத மட்டும் பாதில மூடி வச்சிட்டியேன்னுதான் வருத்தமா இருக்கு. மிச்சத்த நான் சொல்றேன், இத்தன வருஷம் அங்கன்வாடில தாய்மாருக்கு எடை போட்டு சத்துமாவு குடுத்தவ, எனக்கும் கொஞ்சம் தெரியும்.

புள்ள பொறந்து ரெண்டு மூணு நாளைக்குள்ள ஈஸ்ட்ரோஜன் புரோஜெஸ்டிரான் ரெண்டும் சட்டுனு எறங்கிரும், அது உண்மைதான். அப்ப அழுகை வரும், எரிச்சல் வரும், பால் சரியா சுரக்கலன்னா அதுக்கும் சேத்து அழுகை வரும். பெரும்பாலும் அது ரெண்டு வாரத்துல அடங்கிரும். அடங்கலன்னா அத தானா சரியாயிரும்னு விடக்கூடாது, டாக்டர்ட்ட காட்டணும். உன் மகன் குப்புற விழுந்துட்டான்டா, அப்ப ரெண்டு வாரமா ஆச்சு? தைராய்டும் பிரசவத்துக்கு அப்பறம் சில பேருக்கு தடுமாறும், மொதல்ல கூடும், அப்பறம் கொறையும், டிஎஸ்ஹெச்னு ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிரும். ரத்தம் கொறைஞ்சாலும் மனுசி சுருண்டுதான் கெடப்பா. புள்ள பெத்தவ மனசு எப்படி இருக்குன்னு பாக்க எடின்பரோ கேள்வித்தாள்னு ஒண்ணு இருக்கு, பத்தே கேள்வி, சிரிக்க முடியுதா, காரணமில்லாம பயம் வருதா, தூக்கம் வருதா, அந்த மாதிரி. பெரிய டாக்டர் வேணும்னு இல்ல, தடுப்பூசி போட போறீங்கள்ல, அங்கயே கேக்கலாம். வெளிய போக முடியலன்னா மனநல உதவிக்குன்னு இருக்குற 14416க்கு போன் போட்டா தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல, ராத்திரி எத்தன மணின்னாலும் எடுப்பாங்க. தூக்கமே இல்லாம காதுல ஏதோ குரல் கேக்குதுன்னு சொன்னாலோ, சாகணும்னு சொன்னாலோ, புள்ளைய ஏதாவது பண்ணிருவேனோன்னு சொன்னாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரைக்கும் வச்சிருக்கக் கூடாது, தனியாவும் விடக்கூடாது. அவ அப்படியெல்லாம் சொல்லலல்ல? சொல்லிருந்தா எனக்கு சொல்லுடா.

நீ ஹார்மோன்னு நெசமாவே நம்பிருந்தா இதுல ஏதாவது ஒண்ணு பண்ணிருப்ப. டெஸ்ட் எடுத்தியா? கூட்டிட்டு போனியா? எதுவும் பண்ணல. அப்ப அந்த வார்த்தைய நீ அவ வாய மூடத்தான சொல்லிருக்க. அவ கேட்டதுக்கு பதில் சொல்ல வேண்டாம்ல. என்ன கேட்டாளோ. ராத்திரி பூரா ஒத்தையா முழிச்சு கெடக்கேன்னு சொன்னாளோ, வேலைய விட்டத சொன்னாளோ, வேற எதையாவதோ. நான் கேக்கல.

உங்கப்பாவையே எடுத்துக்க. மீன்பிடி தடைக்காலம் வந்தா எப்படி இருப்பாக, மறந்துட்டியா? முன்னாடி 45 நாள், இப்ப ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு கரையில. கொழம்புல உப்பு கூடிருச்சுன்னு தட்ட தள்ளுவாக, கோழி குறுக்க போனா அதுக்கும் ஒரு ஏச்சு. ஊரே என்ன சொல்லும், பாவம் தொழில் இல்ல, நிவாரணம் 8000 எந்த மூலைக்கு, மனசு கஷ்டத்துல இருக்காருன்னு சொல்லும். ஆம்பளைக்கு கோவம் வந்தா காரணம் என்னன்னு தேடுவாங்க. ஆம்பளைக்கும் ஹார்மோன் ஓடுதுன்னு எங்களுக்கு ட்ரெய்னிங்ல சொன்னாங்க, ஆனா உங்கப்பாவ பாத்து டெஸ்டோஸ்டிரோன் ஏறிருச்சு போய் படுங்கன்னு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல. சொல்லித்தான் பாக்கணும் ஒரு நாளைக்கு.

என் கதைய சொல்றேன், உனக்கு முழுசா தெரியாது. நீ பன்னெண்டாவது படிக்கிறப்ப நான் எல்லாத்துக்கும் எரிஞ்சு விழுவேன், ஞாபகம் இருக்கும். மாசம் நிக்கிற வயசு அப்படித்தான்னு உங்கப்பா சொன்னாக, உங்க அத்தை சொன்னா, வட்டிக்கு குடுக்குறவன் வரைக்கும் சொன்னான். மாசம் நிக்கல, நிக்காம போய்க்கிட்டு இருந்துச்சு, அதான் பிரச்சன. நம்ம நர்சம்மாதான் பிடிச்சு இழுத்துட்டு போய் பாத்தா ரத்த அளவு, அந்த ஹீமோகுளோபின், 7ல நிக்குது, 12 இருக்கணும். ஸ்கேன்ல கர்ப்பப்பைல கட்டி. மாத்திரை, ஊசி, ஈரல், முருங்கைக்கீரைன்னு தின்னு 11க்கு ஏத்துனேன், மூச்சு வாங்குறது நின்னுச்சு, படியேற முடிஞ்சுச்சு. கோவம் மட்டும் எறங்கல. எப்படி எறங்கும், கச்சத்தீவு பக்கம் புடிபட்டுப் போன அந்த போட்டு மேல வாங்குன கடனுக்கு உங்கப்பா போட்ட ஜாமீன் கையெழுத்து அப்படியேதான இருந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம போட்ட கையெழுத்து. அதப் பத்தி நான் வாயத் தொறந்தா, மாத்திரை சாப்ட்டியான்னு கேப்பாக. ரெண்டும் இருந்துச்சு தம்பி, உடம்பும் சரியில்ல, ஜாமீனும் உண்மை. ஒண்ண காட்டி இன்னொண்ண மறைச்சாக.

அப்பறம் நான் கத்துறத நிறுத்திட்டேன். வீடு அமைதியாயிருச்சுன்னு உங்கப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் அந்த வாரம்தான் மஞ்சப்பைல ரெண்டு சேலைய வச்சுக்கிட்டு தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப்புல போய் நின்னேன். ராம்நாடு பஸ் ரெண்டு போச்சு. ஏறல, உனக்கு பரீட்சை. இது இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது, உங்கப்பாவுக்கும் தெரியாது, சொல்லிராத. மருமக உங்கிட்ட இப்பவும் கத்துறாளா, இல்ல பேசுறதே இல்லையா? கத்துறான்னா எனக்கு நிம்மதி.

அப்பத்தாளயும் நெனச்சுக்க. கிறிஸ்மஸ் வந்தா ஊரே பலகாரம் சுடும், அது திண்ணைல உக்காந்து ஒரு வார்த்த பேசாது, சோறு வேணாம்னு தள்ளிரும். 64ல டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடில அதுக்கு என்னென்ன போச்சுன்னு சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே பேய் புடிச்சிருக்கு, ஏர்வாடி தர்காவுக்கு கொண்டுபோய் விடுங்கன்னு சொன்னாங்க. தாத்தா விடல. அந்த வாரம் பூரா அவரே உலை வைப்பாரு. 2001ல ஆகஸ்ட் 6ம் தேதி ஏர்வாடில மனநல காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலில கட்டிப்போட்டிருந்த 28 பேரு செத்தாங்க. நீ அப்ப சின்னப்பய. அன்னைக்கு தாத்தா ரேடியோவ நிறுத்தவே இல்ல, அப்பத்தா எங்க போனாலும் பின்னாடியே போனாரு, கொல்லைப்பக்கம் போனாக்கூட போனாரு, அது திரும்பி ஒரு ஏச்சு ஏசுச்சு. அந்த மனுசன் எத்தனாவது படிச்சாரு? அந்த வீட்டுப் பேரன் நீ.

உன்ன குத்தம் சொல்லணும்னு எழுதல. ஆபீஸ்ல உனக்கும் நெருக்கடிதான், வீட்டு லோன் தெரியும், தூக்கமில்லாம நீயும் கறுத்துப் போயிட்ட, போட்டோல தெரியுது. வேளைக்கு சாப்புடு. ராத்திரில ஒரு தடவையாவது புள்ளைய நீ எழுந்து தூக்கு, பால் குடிச்சப்பறம் ஏப்பம் விட வைக்க உனக்கும் தோள் இருக்குல்ல. டிஎஸ்ஹெச்சும் ரத்த அளவும் இந்த வாரமே பாத்துருங்க, மறக்காத. டெஸ்ட்ல என்ன வந்தாலும் சரி, எதுவும் வரலன்னாலும் சரி, அவ அன்னைக்கு என்ன சொன்னாளோ அத மறுபடியும் சொல்லச் சொல்லி கேளு. குறுக்க பேசாத. உனக்கு குறுக்க பேசுற பழக்கம் உண்டு, அது உங்கப்பா வழி. டெஸ்ட் மறக்காத.

வளையல் பேங்க்ல இருந்தா பேங்க்ல இருக்குன்னு சொல்லு, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, அப்பாவுக்கும் தெரிய வேணாம். என் சீட்டு தை மாசம் விழும். ஆனா அவகிட்ட கேட்டு வச்சியா கேக்காம வச்சியா, அத மட்டும் எனக்கு சொல்லணும்.

வெள்ளிக்கிழமை சேது எக்ஸ்பிரஸ்ல வர்றேன், டிக்கெட் போட்டாச்சு, லீவும் எழுதிக் குடுத்தாச்சு, வேணாம்னு சொல்லாத. நெத்திலிக் கருவாடு, பால்சுறா புட்டுக்கு கேட்டாளேன்னு சொல்லி வச்சிருக்கேன், ஐஸ் பெட்டில வரும். தாம்பரத்துல எறங்குறேன். ஸ்டேஷனுக்கு நீ வராத. புள்ளைய வச்சுக்கிட்டு நீ வீட்ல இரு, அவள அனுப்பு. நாங்க ரெண்டு பேரும் அங்கயே டிபன் சாப்ட்டு மெதுவா வர்றோம், எத்தன மணி ஆகும்னு போன் போட்டு கேட்டுக்கிட்டு இருக்காத.

அம்மா