கண்டாங்கிக்கு வினிகர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்டாங்கிச் சேலைப் பராமரிப்பு பற்றிய தங்கள் குறிப்பில், புதுச் சேலையைக் கல்லுப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்று போட்டிருந்தீர்கள். வீட்டுக்கு வீடு சொல்லும் யோசனைதான். ஆனால் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பருத்திச் சேலைக்கு அது பொருந்தாது.

வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு வேலை, பட்டு, கம்பளி, நைலானுக்குப் போடும் ஆசிட் சாயத்தில். அதுவும் சாயத்தொட்டியில், 85 டிகிரிச் சூட்டில்; பச்சைத் தண்ணீர் வாளியில் இல்லை.

பருத்திக்கு இப்போது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயம். அது நூலைப் பிடிக்கச் சோடா மாதிரிக் காரப்பொருள் வேண்டும், அமிலம் உதவாது. அடர் நிறமென்றால் கழியாகச் சுற்றிக் கட்டிய ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணீர், 30 முதல் 40 கிராம் சாயம், ஒரு கிலோ உப்பு, 300 முதல் 400 கிராம் சோடா ஆஷ் என்கிற சலவைச் சோடா. உப்பு சாயத்தை நூல் பக்கம் தள்ளிவிடும், அவ்வளவுதான், கட்டிப்போடுவது சோடா. உப்பை மூன்று தவணையாகப் போட்டு, அரைமணி நேரம் கழிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகே சோடா விழ வேண்டும். முந்திப் போட்டால் பட்ட இடத்திலேயே சாயம் பிடித்து, நூல் திட்டுத்திட்டாகிவிடும்.

சோடா விழுந்ததும் சாயத்தில் ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்து செத்துப்போகும். செத்த சாயத்தை எந்த உப்பும் எந்தப் புளிப்பும் பருத்தியில் பிணைக்காது. கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் வீதம் இருமுறை போட்டு அதை வெளியேற்றியாக வேண்டும். விறகும் தண்ணீரும் மிச்சம் என்று பட்டறையில் இதைக் குறைத்தால், வாங்கியவர் வீட்டு வாளி சிவக்கிறது. கோளாறு அங்கே, வினிகர் விற்பவருக்குத்தான் லாபம்.

துவைப்பைத் தாங்குவதில், பருத்திக்குப் போடும் இன்னொரு வகையான வாட் சாயத்தை மிஞ்ச ஆளில்லை, விலைதான் கூடுதல். அதைக் கரையவைக்கக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற வேதித்தூளும் போட்டு, நூலை 50, 60 டிகிரியில் முக்கி எடுத்தால், காற்றுப்பட்டதும் நிறம் வரும். ஹைட்ரோஸ் குறைந்தால் சாயம் தொட்டியிலேயே திரிந்து நூல்மேல் தூளாகப் படியும். அந்தச் சேலையைக் கட்டினால் இடுப்பில் நிறம் ஒட்டும்.

செட்டிநாடு காட்டன் என்ற பேரில் பாலியெஸ்டர் கலந்து வருவது வேறு கதை. அதற்கு டிஸ்பர்ஸ் என்ற தனிவகைச் சாயம், அழுத்தக் கலத்தில் 130 டிகிரி. முந்தானை நூலொன்றைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல் சில தடவை தனியாக, ஊறவைக்காமல், நிறையத் தண்ணீரில் அலசி உடனே நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அரக்குக் கரை கடுகு மஞ்சள் உடலில் இறங்கிவிடும். வாங்கும்போதே ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் கரையைப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது.

இப்படிக்கு,
சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் சிலர்,
காரைக்குடி.