அண்ணி, அந்த அலமாரியை வாங்குவதற்கு முன்

அன்புள்ள அண்ணிக்கு,

வெள்ளிக்கிழமை இரவு நீங்கள் அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். "முன் ரூம்ல ஒரு கண்ணாடி அலமாரி போட்டு மணி, ஜரிகை, ஆரி ஊசி எல்லாம் வாங்கி வச்சு வித்தா என்னம்மா? நீ கிள்ளான்ல செஞ்சவதானே, உள்ளதைச் சொல்லு" என்றீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். இதே கேள்வியை இந்த வருஷம் இன்னும் சில பெண்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று, உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பொதுவில் வைக்கிறேன்.

செய்யுங்கள் அண்ணி. ஆனால் அலமாரியில் தொடங்காதீர்கள்.

நான் அலமாரியில்தான் தொடங்கினேன். எனக்குக் கைவந்தது கிரோஷே பின்னல் மட்டும். கொக்கி முனையால் துணியில் மணியும் ஜரிகையும் வைத்துப் பூவேலை செய்யும் ஆரி ஊசியைத் தொட்டதில்லை. ஊரில் எல்லாரும் ஆரி வகுப்புக்குப் போகிறார்கள், சாமான் நன்றாக ஓடும் என்று கேள்விப்பட்டு இறங்கிவிட்டேன். மணியில் எண் பெரிதானால் அளவு சிறிதாகும், 8ஆம் எண் மணி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 11ஆம் எண் 2 மில்லிமீட்டர் என்பதுகூட, வாங்க வந்த ஒரு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

என் பழைய கணக்கு நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மொத்த வியாபாரியிடம் மணி 450 கிராம் பையாக வரும். ஒரு பை அப்போது 18 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். அதைப் பத்துப் பத்து கிராமாகப் பிரித்தால் 45 பொட்டலம். பொட்டலம் ஒன்றரை வெள்ளிக்கு விற்றால் 67 வெள்ளி 50 காசு. இதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பன்னிரண்டு நிறம் வாங்கினேன், 216 வெள்ளி. பொன் நிறம், வெள்ளை, சிவப்பு, பச்சை, முத்து நிறம், இந்த ஐந்தும்தான் போயின. அதிலும் ஒரு வருஷத்தில் பாதிதான் தீர்ந்தது. மொத்தம் 112 பொட்டலம், 168 வெள்ளி. பை, ஸ்டிக்கர், பெட்ரோல் எதையும் சேர்க்காமலே 48 வெள்ளி குறைவு. மிச்ச ஏழு நிறமும் தொட ஆளில்லாமல் அலமாரியில் அழகாக நின்றன. ஊதா கேட்டு வருகிறவருக்கு என்னிடம் இருக்கும் ஊதா வேண்டாம், அவர் சேலைக்கரையில் இருக்கும் ஊதாதான் வேண்டும்.

நூல் இன்னும் மோசம். டிஎம்சி என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பூத்தையல் நூலில் மட்டும் 500 நிறங்கள் இருக்கின்றன. ஐம்பது நிறம் வைத்திருக்கும் வீட்டுக்கு வருகிறவர் ஐம்பத்தோராவது நிறத்தைத்தான் கேட்பார். பட்டு நூலில் வேறொரு சிக்கல். ஒரே எண்ணாக இருந்தாலும் இந்த மாதம் சாயம் போட்டதும் போன மாதம் சாயம் போட்டதும் வெயிலில் வைத்துப் பார்த்தால் வேறுவேறாகத் தெரியும். பிளவுஸின் ஒரு கைக்கு வாங்கிப் போனவர் மறு கைக்கு வந்தால் அதே தொகுதி நூல் நம்மிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாவம், அவர் முதல் கையையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற ஒன்று. நான்காவது வருஷம் ஒரு மொத்த வியாபாரியிடம் மலிவாகக் கிடைத்ததே என்று பொன் மணி நான்கு பை வாங்கினேன். டப்பாவில் பளபளவென்று இருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருவர் அதை வாங்கிப்போய், முழுக்கை பிளவுஸ் தைக்கக் கொடுத்தார். முகூர்த்தம் முடிந்து கழற்றும்போது அக்குள் ஓரமெல்லாம் பொன் போய்க் கறுத்திருந்தது. வியர்வைக்கே நிற்காத பூச்சு. அந்த அம்மா சண்டை போடவில்லை. படத்தை மட்டும் அனுப்பினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிளவுஸை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்? இரண்டு வாரம் உட்கார்ந்து அதை ஊசியால் கோத்த பெண்ணின் கண்ணுக்கும் முதுகுக்கும் நான் என்ன கொடுத்தேன்? அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இழுத்துப் பிடித்தேன், மனம் ஒட்டவில்லை.

உங்களுக்கு அது நடக்காது அண்ணி. அதற்காகத்தான் செய்யுங்கள் என்கிறேன். நான் பொருளைக் கண்ணால் மட்டும் வாங்கினேன், நீங்கள் விரலால் வாங்குவீர்கள். துளை ஒழுங்கில்லாத மணி ஆரி ஊசியில் ஏறாது, ஏறினாலும் உடையும் என்பது உங்களுக்கு இரண்டு மணி கோக்கும்போதே தெரிந்துவிடும். ஜரிகை இழை பிரிகிறதா என்று நான்கு சங்கிலித் தையல் போட்டுப் பார்ப்பீர்கள். பூச்சைச் சோதிக்க ஒரு வழி நான் பிற்பாடு கற்றேன்: நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து மணியைத் தேய்த்தால், சாயமும் மட்டமான பூச்சும் பஞ்சில் வந்துவிடும். எந்தப் பையையும் வாங்குவதற்கு முன் பத்து மணி சாம்பிள் கேளுங்கள். கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள்.

அப்படியானால் என்ன விற்பது? நம் ஊர் சுங்கை சிப்புட்டில் இருக்கிற பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். ராத்திரி பத்து மணிக்கு ஊசி முனை ஒடிந்தால், மறுநாள் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குத்தான் ஓட வேண்டும். போகிற பெட்ரோலும் பார்க்கிங்கும் ஊசி விலையைவிட அதிகம். இணையத்தில் வாங்கலாம், ஆனால் வர நாளாகும். வெளிநாட்டிலிருந்து இணையத்தளம் வழி வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. ஆக, அவசரத்துக்குத் தீர்ந்துபோகிற பொருள்தான் உங்கள் சரக்கு. ஊசி, பொன் ஜரிகை, பொன் மணி, வெள்ளை மணி, சமிக்கி, துணி ஒட்டும் பசை. பசையையும் அதிகம் வாங்கி அடுக்க வேண்டாம், திறந்த டப்பா நாளானால் இறுகிவிடும். ஊசியைத் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள், துரு ஏறிய ஊசி பட்டைக் கிழிக்கும்.

இன்னொன்று, எனக்கு அன்றைக்குத் தோன்றாதது. ஆரி கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு எது எவ்வளவு வேண்டும் என்றே தெரியாது. ஒரு கை முனைக்கு எத்தனை கிராம் மணி, எத்தனை மீட்டர் ஜரிகை என்று நீங்கள் அளந்து, படத்தோடு ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் அது வெறும் மணி வியாபாரம் இல்லை. உங்கள் பதினைந்து வருஷத்துக் கைப்பழக்கத்துக்குத்தான் அங்கே விலை. ஷாப்பியில் ஆயிரம் பேர் மணி விற்கிறார்கள். அந்த அளவைச் சொல்லி, தவறாகப் போனால் வாசலில் உட்கார்த்தி வைத்துப் பிரித்துக் காட்ட அவர்களால் முடியாது.

நேரம் கிடைத்தால் ஒருநாள் கோலகங்சாருக்குப் போய்வாருங்கள். தெக்காட் எனும் பொன்னிழைத் தையல் செய்யும் மலாய்க்காரப் பெண்கள் வெல்வெட் துணியில் அட்டை அச்சு வைத்து அதன்மேல் பொன் இழையைப் படியவைத்துக் கட்டுவதைப் பாருங்கள். அவர்கள் இழை வேறு, நம் ஜரிகை வேறு. ஆனால் நல்ல பொன் இழை எங்கே கிடைக்கும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கடன் விஷயம் எனக்கு மிகவும் பயம். தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் சம்பள நாள் வந்தால் பாதிக் காசு கடைக்காரரின் பற்று நோட்டுக்கே போகும். அந்த நோட்டின் இந்தப் பக்கம் நின்று வளர்ந்தவள் நான். நீங்கள் இப்போது அந்தப் பக்கம் நிற்கப்போகிறீர்கள். "அக்கா, சம்பளம் வந்ததும் தரேன்" என்று கேட்பவர் கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவராக இருப்பார். முடியாது என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது, எனக்குத் தெரியும். அதனால் முதல் நாளே எல்லாருக்கும் ஒரே சொல்: காசு கொடுத்தால் பை. யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு சொன்னால், சும்மாவே கொடுத்துவிடுங்கள், நோட்டில் எழுதாதீர்கள்.

கூட்டுக் காசு, அதாவது சீட்டுப் பணம், எடுத்து முதல் போடலாம் என்றீர்களே, அது வேண்டாம் அண்ணி. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971ஆம் வருஷமே சட்டம் போட்டிருக்கிறார்கள். சீட்டு எடுத்தவர் கைவிரித்தால் நாம் எங்கேயும் போய்க் கேட்க முடியாது. சிறு வணிகர்களுக்குக் கடன் கொடுக்கும் அரசின் தெக்குன் நிறுவனத்தில் நம் இந்திய வணிகர்களுக்கென்றே ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பிலும் பெண்களுக்குக் கடன் உண்டு. அவையும் இப்போது வேண்டாம் என்பதே என் எண்ணம். அடுத்த இரண்டு பிளவுஸ் கூலியில் 200 வெள்ளி ஒதுக்குங்கள். அந்த 200 திரும்பி வந்தால் அடுத்தது. வராவிட்டால் நின்றுவிடலாம், வீட்டில் யாருக்கும் பாரமில்லை.

மொத்த விலைக்கு அதிகம் வாங்க வேண்டியிருக்கிறதே என்றால், உங்களோடு ஆரி போடுகிற நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பை வாங்கி எடைபோட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகள் தங்கள் சின்னச் சின்னப் பங்குக் காசைச் சேர்த்துத்தான் வாங்கினார்கள். தோட்டத்தையே அப்படி வாங்க முடிந்ததென்றால் ஒரு பை மணியை வாங்க முடியாதா?

பதிவு கஷ்டமில்லை. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும், வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் விற்றாலும்தான். உங்கள் அடையாள அட்டைப் பெயரிலேயே பதிந்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. உங்கள் பெயரிலேயே பதியுங்கள். அண்ணன் பெயரில் வேண்டாம். அண்ணனைக் குறை சொல்லவில்லை, ஆலையில் ஓவர்டைம் குறைந்ததிலிருந்து அவர் எவ்வளவு தவிக்கிறார் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த வீட்டில் நீங்கள் தைத்த காசெல்லாம் கேஸுக்கும் பள்ளி பஸ்ஸுக்கும் கரைந்து, உங்கள் பெயரில் ஒரு தாளும் இல்லாமல் போய்விட்டது. இந்த ஒரு தாளாவது இருக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். என்னிடம் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருக்கிறது, கொண்டுவருகிறேன். அதற்குள் கடைசியாகத் தைத்த மூன்று பிளவுஸுக்கு எது எவ்வளவு பிடித்தது, எது தீர்ந்து ஈப்போவுக்கு ஓடினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டு ஆரி பிள்ளைகளிடமும் அதையே கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு நாம் இருவரும் உட்கார்ந்து முதல் 200 வெள்ளிக்குப் பட்டியல் போடுவோம்.

அலமாரிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் பொங்கல் வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்