கடிதம் மட்டுமே போடத் தெரிந்த அரசாங்கம்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தது. எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம், இப்போதுதான் படிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளராகி, பராமரிப்புப் பணம் தராதவர்களோடு மல்லாடுவதாகப் புலம்பியிருந்தாயே, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்தது 1780-களின் அமெரிக்காவைப் பற்றி. அங்கேயும் உன் கதைதான், மொத்தம் 13 வீடு.

இப்போதிருக்கும் அரசியலமைப்புக்கு முன்னால் அவர்களிடம் ஆர்ட்டிக்கிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன் என்று ஒன்று இருந்தது, 13 மாநிலங்களும் கூட்டாகச் சேர்ந்திருப்பதற்கான விதிகள். 1777-ல் எழுதி முடித்தும், மேற்கே கிடந்த நிலம் யாருக்கு என்று மேரிலாந்து முறுக்கிக்கொண்டு நின்றதில் 1781 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. பிரிட்டிஷ் ராஜாவிடம் சூடுபட்டவர்கள் இல்லையா, அதனால் காங்கிரஸுக்கு, அதாவது மாநிலங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்த மத்திய சபைக்கு, வரி போடும் உரிமையே கொடுக்கவில்லை. மாநிலங்களுக்கு 'இவ்வளவு அனுப்புங்கள்' என்று எழுதலாம், அனுப்பாவிட்டால் இன்னொரு கடிதம் போடலாம். இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி போட்டு, பிரிட்டனோடு நடத்திய சுதந்திரப் போரின் கடனை அடைக்கப் பார்த்தார்கள். அதற்கு 13 மாநிலமும் தலையாட்ட வேண்டும், ரோட் ஐலண்ட் என்ற துக்கடா மாநிலம் முடியாது என்றது, அதோடு சரி. அடுத்த முயற்சியை நியூயார்க் கெடுத்தது.

இதில் என்னை உட்காரவைத்த இடம் 1783 ஜூன் 21. சம்பள பாக்கிக்காக நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் துப்பாக்கியோடு பிலடெல்பியாவில் காங்கிரஸ் இருந்த கட்டடத்தை வளைத்துக்கொண்டார்கள். பக்கத்துச் சாராயக்கடைகளிலிருந்து தாராளமாகச் சரக்கு வேறு வருகிறது. சிலர் ஜன்னலைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒரு தேசத்தின் அரசாங்கம், ஆனால் கைவசம் ஒரு காவலாள் இல்லை! பென்சில்வேனியா மாநிலத்திடம் படை கேட்டார்கள், வரவில்லை. அப்போது அந்த மாநிலத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? ஜான் டிக்கின்சன், இந்த விதிகளின் முதல் வரைவை எழுதிய அதே மனிதர். பிறகென்ன, உறுப்பினர்கள் சிப்பாய்களின் நடுவே நடந்து வெளியேறி, சில நாளில் பிரின்ஸ்டனுக்கே கிளம்பிவிட்டார்கள்.

அங்கிருந்து மேரிலாந்தின் அனாபலிஸுக்குப் போனார்கள். பிரிட்டனோடு சமாதான ஒப்பந்தம் போட்டாயிற்று, அதை உறுதிசெய்ய 9 மாநிலம் வேண்டும், வந்திருந்ததோ 7. ஜெயித்த போரை முடித்துவைக்கப் போதுமான ஆள் இல்லை! ஆள் தேடிச் சேர்த்து 1784 ஜனவரி 14-ல் ஒருவழியாக முடித்தார்கள்.

இதையெல்லாம் வைத்து அவர்களை முட்டாள்கள் என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அதே ஓட்டைக் காங்கிரஸ்தான் 1787-ல் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே புது மாநிலங்கள் எப்படி உருவாக வேண்டும், அங்கே அடிமைமுறை கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டது. அதிகாரத்துக்குப் பயந்தவர்கள், அந்தப் பயம் கொஞ்சம் அளவு மீறிவிட்டது, அவ்வளவுதான். அதே வருடம் பிலடெல்பியாவில் எல்லாவற்றையும் மாற்றி எழுத உட்கார்ந்தபோது யார் வரவில்லை என்று நீயே சொல்லிவிடுவாய். ஆமாம், ரோட் ஐலண்ட்.

சரி, உங்கள் மூன்றாம் மாடிக்காரர் கடைசியில் பணம் கட்டினாரா இல்லையா, அதை எழுது. தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன்
பழைய ரூம்மேட்