டிராகுலாவுக்கு முன்பே வந்தவள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் பழைய பேய்ப்படங்கள் பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தக்காட்டேரி என்றதும் டிராகுலாவோடு நிறுத்திவிட்டீர்களே, பெண் ரத்தக்காட்டேரி கார்மில்லா எங்கே? ஐரிஷ் எழுத்தாளர் ஷெரிடன் லெ ஃபானு அவள் கதையை 1872இலேயே எழுதிவிட்டார். டிராகுலா நாவல் வந்ததோ 1897இல்.

பேய்ப்படங்களுக்குப் பேர்போன பிரிட்டனின் ஹாமர் நிறுவனத்தின் ‘தி வேம்பயர் லவ்வர்ஸ்’ (1970) படத்தில் இங்ரிட் பிட் அந்த வேடத்தில் நடித்தார். எந்நேரமும் கோரைப்பல்லைக் காட்டி மிரட்டுகிற வில்லி இல்லை. விருந்தாளியாக வீட்டுக்குள் வந்து, அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒட்டி உறவாடிக்கொண்டே அவள் உயிரை உறிஞ்சுகிறாள். அவளுக்கும் அந்தப் பெண் மேல் நிஜமாகவே ஆசை இருக்கிறது என்று பிட்டின் கண்களைப் பார்த்தால் தோன்றும், பயமே அங்கேதான். கவர்ச்சிக்காகவே திணித்த காட்சிகளும் உண்டு, சரி, மறுக்கவில்லை. ஆனாலும் கடைசியில் நடிகர் பீட்டர் குஷிங் அவள் தலையை வெட்டும்போது யார் பக்கம் நிற்பதென்றே எனக்குப் புரியவில்லை.

அப்புறம், வார்சாவில் பிறந்த பிட், சிறுவயதில் நாஜி வதைமுகாமில் அடைபட்டுப் பிழைத்தவர். அடுத்த வாரம் அவருக்கு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள்.

– நெடுநாள் வாசகி