முட்டிடிச்சான்பாறை: சங்கச் செயலரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புனித தேவசகாயத்தின் நினைவைத் தாங்கிய புலியூர்குறிச்சி முட்டிடிச்சான்பாறையின் வரலாற்றை, அங்கு வரும் திருப்பயணிகளுக்காக ஒரு பலகையில் எழுதித் தருவதென்று சென்ற பொதுக்குழுவில் முடிவாயிற்று. செயற்குழுவின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே சென்றதால் இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால், உதயகிரிக் கோட்டைக்கு அருகில் இப்பாறை உள்ளது. பாறைக்கு வருவோர் பலர் கோட்டைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கோட்டையைப் பார்க்க வருவோருக்குப் பாறையைப் பற்றித் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு விளங்கும். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய், பின்னர் அவருடைய படைக்கே பயிற்சியளித்து, உதயகிரிக் கோட்டையையும் வலுப்படுத்தினார். 1777இல் இறந்த அவரது கல்லறை, லத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு கோட்டைக்குள்ளேயே உள்ளது. 1712இல் நட்டாலத்தில் பிறந்து அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்டன், இந்த டிலனாயிடம்தான் கிறிஸ்தவ மறையைப் பற்றி அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில், மக்கள் பரஞ்சோதிநாதர் என்றழைத்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

1749இல் கைதான அவரை எருமையின் மேல் பின்நோக்கி அமர்த்தி, எருக்கம்பூ மாலையிட்டு ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அவ்வழியில் தாகத்தால் வாடிய அவர் மண்டியிட்டுச் செபித்து, முழங்கையால் பாறையில் இடிக்க, நீர் சுரந்தது என்பது மரபு. அந்தச் சிறு குழியில் ஊறும் நீரை மக்கள் இன்றும் குடித்து, வீட்டிலுள்ள நோயாளிகளுக்காகப் புட்டிகளிலும் எடுத்துச் செல்கிறார்கள்.

பலகை வாசகத்தில் எழுந்த வாதம் இந்த இடத்தைப் பற்றியதே. ஊற்றின் கதையை மற்ற நிகழ்ச்சிகளைப் போலவே எழுதிவிடலாம் என்றனர் சிலர்; ஆவணம் இல்லாததால் விட்டுவிடலாம் என்றனர் வேறு சிலர். செயற்குழு இரண்டையும் ஏற்கவில்லை. கொச்சி ஆயர் 1756இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையே தேவசகாயத்தின் மரணத்தைப் பற்றிப் பதிவு செய்கிறது. எனவே அவர் 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டதையும், கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டதையும் நேரடியாக எழுதியுள்ளோம். ஊற்றைப் பற்றிய பகுதி "வழிவழியாக மக்கள் சொல்லி வருவது" என்று தொடங்குகிறது. இதனால் பக்திக்குக் குறைவு வந்துவிடும் என்று செயற்குழு கருதவில்லை; எத்தனையோ தலைமுறையினர் நம்பிக் காத்த இடம் என்பதும் வரலாறுதானே.

பெயரோடு "பிள்ளை" சேர்ப்பதா என்ற கேள்வி விரைவிலேயே தீர்ந்தது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டமும், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டமும் பெற்ற அவரை, புனிதர் பட்ட அறிவிப்பில் சாதிப் பெயரின்றியே திருச்சபை குறிப்பிட்டது. பலகையிலும் அப்படியே எழுதியுள்ளோம்.

வாசகத்தின் படி உறுப்பினர்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டுள்ளது. இக்கூட்டம் ஒப்புதல் அளித்த பின், பங்குத் தந்தையின் அனுமதி பெற்று, ஊற்றை மறைக்காத ஓரிடத்தில் பலகையை நிறுவலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

இங்ஙனம்,
செயலர்