ரிப்பேர் பாக்குறவங்க கணக்குல வரமாட்டாங்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏழை நாடுகளோட அறிவியல் கொள்கை பத்தி போன இதழ்ல வந்த கட்டுரைய படிச்சேன். ஜிடிபில ஒரு பர்சன்ட்ட ஆராய்ச்சிக்கு ஒதுக்கிட்டா பாதி பிரச்சனை தீர்ந்துடும்ங்கிற தோரணைல எழுதியிருக்காரு. அந்த ஒரு பர்சன்ட் இன்னிக்கு நேத்து வந்த பேச்சு இல்லைங்க, ஆப்பிரிக்க யூனியன் 2006லயே இலக்கா வெச்சது, பெரும்பாலான நாடுங்க இன்னும் அது கிட்டகூட வரல. வரணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா அந்த காசு வந்தா எதுக்கு போகும், யாருக்கு போகும்ங்கிற இடத்துல கட்டுரை நைசா நழுவிடுச்சு.

நான் ஆஸ்பத்திரி மெஷின் சர்வீஸ் பாக்குறவன், என் பார்வை அந்தப் பக்கமாத்தான் சாயும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர எடுத்துக்கோங்க, கொரோனா நேரத்துல உலகம் பூரா தானமா பறந்துச்சே அதேதான். உள்ள ஜியோலைட்னு குருணை இருக்கும், காத்துல இருக்குற நைட்ரஜன அது பிடிச்சு வெச்சுக்கும், மிச்சம் வர்றதுதான் ஆக்சிஜன். அந்த குருணைக்கு ஈரம் ஆகவே ஆகாது. வெளிய இருக்குற ஃபில்டர அப்பப்ப கழுவி நல்லா காயவெச்சு மாட்டணும், இல்லன்னா தூசி அடைச்சு கம்ப்ரஸர் சூடேறும். இதுல கொடுமை என்னன்னா, குருணை கெட்டுப்போனாலும் மெஷின் பாட்டுக்கு ஓடும், மெஷின்ல மாட்டியிருக்குற தண்ணி பாட்டில்ல குமிழி வரும், பாக்குறவங்க எல்லாம் சரியா இருக்குன்னு நினைப்பாங்க, வர்றது ஆக்சிஜனா சும்மா காத்தான்னு தெரிய தனியா மீட்டர் வெச்சு அளக்கணும். அந்த மீட்டரும் அதை பிடிக்கத் தெரிஞ்ச ஆளும் தானப் பெட்டில வர்றதில்ல. 16 நாடுகள்ல இருந்து கணக்கெடுத்து 2011ல வந்த ஒரு ஆய்வுல, ஆஸ்பத்திரி கருவிகள்ல கிட்டத்தட்ட 40 சதவீதம் வேலை செய்யாம கிடக்குன்னு தெரிஞ்சுது.

ஐநாவோட நிலையான வளர்ச்சி இலக்குகள்ல 9.5ன்னு ஒண்ணு இருக்கு, ஆராய்ச்சியும் புதுமையும் அதுக்குள்ளதான் வருது. அதை அளக்குறது ரெண்டே கணக்கு: ஜிடிபில எத்தனை பர்சன்ட் செலவு, பத்து லட்சம் பேருக்கு எத்தனை ஆராய்ச்சியாளர். ரெண்டுமே உள்ள போடுறத பத்தின கணக்கு. போட்டது வெளிய வந்துச்சா, அஞ்சு வருஷம் கழிச்சும் ஓடுதான்னு கேக்க அங்க கட்டமே இல்ல. என்ன மாதிரி டெக்னீஷியன் ஆராய்ச்சியாளர் கணக்குலயும் வரமாட்டான் (இதுல எனக்கு கொஞ்சம் சொந்த வயித்தெரிச்சலும் உண்டு).

போடுறத மட்டும் கணக்கு பாத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு பிளேபம்ப்னு ஒரு உதாரணம். பசங்க ராட்டினம் சுத்தி விளையாடுனா தண்ணி மேல ஏறி டேங்க்ல விழும், கேக்கவே ஜோரா இருக்குல்ல. 2006ல அமெரிக்காவுல 1.64 கோடி டாலர் அறிவிச்சாங்க, 2010க்குள்ள ஆப்பிரிக்காவுல 4,000 பம்புன்னு டார்கெட். பசங்க எந்நேரமும் சுத்துவாங்களா? கடைசில பொம்பளைங்கதான் குனிஞ்சு அந்த ராட்டினத்த தள்ளிட்டு இருந்தாங்க, உடைஞ்சா ஊர்ல சரி பண்ண ஆள் இல்ல. டார்கெட் வருஷம் வர்றதுக்குள்ளயே திட்டத்த மூடியாச்சு. 1970கள்ல யுனிசெஃப் சேர்ந்து உருவாக்குன இந்தியா மார்க் 2 கைப்பம்புல எந்த ஜோரும் கிடையாது, ஆனா அடிச்சு அடிச்சு தாங்கணும், ரிப்பேர் பாக்க முடியணும்னு யோசிச்சு பண்ணாங்க, இன்னிக்கும் எத்தனையோ நாட்டுல தண்ணி குடுக்குது.

பெரிய சயின்ஸ் வேணாம்னு நான் சொல்ல வரல. மூளை உறைக் காய்ச்சலுக்கு (மெனிஞ்சைட்டிஸ்) வந்த மெனாஃப்ரிவாக் தடுப்பூசி பெரிய சயின்ஸ்தான். 1996-97ல ஆப்பிரிக்காவுல அந்த காய்ச்சல் பரவி சுமார் 25,000 பேர் செத்தாங்க. அடுத்து தடுப்பூசி பண்ணலாம்னு பேச்சு வந்தப்ப அந்த நாட்டு அதிகாரிங்க மொதல்ல சொன்னது விலை, ஒரு டோஸ் அரை டாலருக்கு மேல போனா எங்களால வாங்க முடியாதுன்னு. அதை வெச்சுக்கிட்டுதான் மத்த வேலையே ஆரம்பிச்சுது, இந்தியாவுல சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிச்சு 2010ல புர்கினா ஃபாசோவுல போட ஆரம்பிச்சாங்க, போட்ட நாடுகள்ல இந்த தடுப்பூசி குறி வெச்ச ஏ வகை கிருமியோட காய்ச்சல் கிட்டத்தட்ட காணாமலே போச்சு. யார் கேள்விய வைக்கிறாங்கங்கிறது எவ்ளோ முக்கியம் பாருங்க.

வங்கதேசத்துல பிராக்ங்கிற தொண்டு நிறுவனம் 1980கள்ல பண்ணது எனக்கு இன்னும் பிடிக்கும். வயித்துப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் எப்படி கலக்குறதுன்னு ஆளுங்க வீடு வீடா போய் அம்மாக்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளந்த தண்ணி. அப்புறம் வேற ஒருத்தர் போய் சில வீட்ல கேட்டு, கலக்கச் சொல்லி பாப்பாரு, அம்மாக்களுக்கு எவ்ளோ ஞாபகம் இருக்கோ அதுக்கேத்த மாதிரிதான் சொல்லிக் குடுத்தவங்களுக்கு சம்பளம். வீட்டு எண்ணிக்கைக்கு காசுன்னு இருந்திருந்தா அவசரமா கதவ தட்டிட்டு ஓடியிருப்பாங்க.

கட்டுரையோட ரெண்டாம் பாகம் வருதுன்னு போட்டிருக்கீங்க. அதுல நாடுவாரியா ஆராய்ச்சி செலவு டேபிள் போடுறதா இருந்தா, பக்கத்துலயே டெக்னீஷியன் எத்தனை பேரு, உதிரி பாகத்துக்கும் சர்வீஸுக்கும் பட்ஜெட்ல தனியா எவ்ளோன்னு ரெண்டு வரிசை சேத்துப் போடச் சொல்லுங்க. நம்பர் கிடைக்கலன்னா காலியாவே விடட்டும், எத்தனை நாட்டுக்கு காலியா இருக்குன்னாவது தெரிஞ்சுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்